அது அக்கா தங்கைச் சண்டை இல்லை

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பாலே ஆடும் அக்கா தங்கை பற்றிய அந்தத் த்ரில்லரைப் பற்றி இருபது நிமிடம் பேசிய நண்பர், "கடைசியில் பெண்ணுக்குப் பெண்தான் எதிரி, அவ்வளவுதான் கதை" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அது அக்கா தங்கைச் சண்டை இல்லை. அந்தக் கதையில் ஒரே ஓர் இடத்தைக் காட்டி இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தியவர்களைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டேகா செய்த 14 வயது நடனச் சிறுமியின் சிலையை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 1881இல் பாரிஸில் அது மெழுகுச் சிலையாக, நிஜ முடியும் துணிப் பாவாடையுமாக வைக்கப்பட்டபோது, விமர்சகர்கள் அவளைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரு குழந்தையை! அவள் பெயர் மரீ வான் கோதெம். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். மூன்று மகள்களும் பாரிஸ் ஓப்பரா என்ற பெரிய அரங்கில் பாலே பழகினார்கள். சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்னால் பெண்கள் இருக்கும் கூடம் வரை வந்து நிற்கலாம் என்பது அங்கே வழக்கம். 1882இல் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று மரீயை நீக்கினார்கள். மூத்தவள் ஆந்த்வானெத் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனாள். கடைசிப் பெண் மட்டும் அங்கேயே ஆடி, பிறகு ஆசிரியையும் ஆனாள். மற்ற இருவரையும் அவளா தள்ளிவிட்டாள்?

அது பழைய காலம் என்பீர்கள். சரி, 1968. நியூயார்க் சிட்டி பாலேயில் 15 வயதில் சேர்ந்த கெல்சி கிர்க்லண்ட். அக்கா ஜோனாவும் அதே குழுவில் ஆடியவர். எலும்பு தெரியவேண்டும் என்று குழுவின் தலைவர் பலான்சின் கெல்சியின் நெஞ்செலும்பைத் தட்டிச் சொன்னதாகக் கெல்சியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தட்டிய கை அக்காவுடையது இல்லை.

"கதையைக் கதையாகப் பாருங்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கதையை வைத்து எல்லாப் பெண்களுக்கும் தீர்ப்பு எழுதியது நான் இல்லை.

"அப்போ பெண்களுக்குள் பொறாமையே கிடையாதா?" இருக்கிறது. எனக்கே இருந்தது. அக்காவும் நானும் ஒரே வகுப்பில் பரதம் கற்றோம். அப்பாவிடம் ஓர் அரங்கேற்றத்துக்குத்தான் பணம் இருந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் முட்டியை மடக்கி அரைமண்டியில் நிற்கவைத்தார். தட்டுக்கழியால் என் முட்டியைத் தொட்டு, "சின்னவளுக்கு நல்லா உட்காருது, இவளுக்கே வச்சிடலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அக்காவை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தொடை நடுங்க அப்படியே நின்றாள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுத இப்போது கூசுகிறது. ஆனால் எங்களை அளந்து பார்த்தது நாங்களா?

அதற்கப்புறம் பல மாதங்கள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லோரும் "அக்கா தங்கைச் சண்டை" என்றுதான் சொன்னார்கள்.

அரங்கேற்றத்தன்று எனக்குச் சலங்கை கட்டிவிட்டது அவள்தான். வலது காலில் இறுக்கமாகக் கட்டிவிட்டு, "வலிக்குதாடி?" என்று கேட்டுத் தளர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டத்துக்கு நான்தான் அழைத்துவந்திருந்தேன். எல்லோரும் சிரித்தபோது அவள் தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.