நீங்க மெம்பரா?

அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் நலச்சங்கம் சுயேச்சையாக ஓர் ஆளை நிறுத்தப் போகிறதாம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சு. “இது அரசியல் இல்லை சார், ஊர் நன்மை” என்கிறார் செயலாளர். வீடு வீடாக ஓட்டு கேட்பது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியலோ. போகட்டும்.

சங்கம் சும்மா வளர்ந்துவிடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் 2011 வரை கிராம ஊராட்சி. அந்த வருஷம் 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தார்கள்; அதில் 25 எங்களைப் போன்ற ஊராட்சிகள். கிராம சபை போச்சு. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தலும் வழக்கில் சிக்கி 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்குக்கும் லாரித் தண்ணீருக்கும் மனு எழுதி, கையெழுத்து வாங்கி அலைந்தவர்கள் ஓய்வுபெற்ற நாலைந்து பெரியவர்கள்தான். மழைநீர் வடிகால் எந்தத் தெருவில் முட்டி நிற்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த உழைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன்.

என் வருத்தம் வேறு. போன மாதம் மொட்டை மாடியில் கூட்டம். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் அக்கா எழுந்து, சம்ப்பில் சாக்கடை வாடை வருவதாகச் சொன்னார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “நீங்க மெம்பராம்மா? ஓனரை வரச் சொல்லுங்க.” ஓனர் இருப்பது கோயம்புத்தூரில். அந்தத் தண்ணீரில் குளிப்பது அக்காவும் அவர் பிள்ளைகளும். அக்கா உட்கார்ந்துவிட்டார். சமோசா வந்தது.

சங்க விதிப்படி வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம். கோயில் தெருப் பழைய ஊர்க்காரர்களுக்கோ இது ‘பிளாட் வாங்கி வந்தவங்க சங்கம்’. அவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டு ஊர் சார்பில் வேட்பாளர் என்றால் எப்படி?

இப்போது கிராம சபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை என்று ஒரு மக்கள் கூட்டம் வந்திருக்கிறது. வருஷத்தில் நாலு நாள் கூடும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம். பத்திரத்தைக் காட்டு என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை எங்கள் சங்கக் குழுவில் மட்டும்தான் போடுகிறார்கள். அப்புறம், ‘ஊரே திரண்டது’ என்று முன்வரிசையை மட்டும் காட்டி ஒரு போட்டோ.

ஆளை நிறுத்துங்கள், நானும் நோட்டீஸ் கொடுக்க வருகிறேன். அதற்கு முன்னால் குடியிருப்பவர் எல்லோரும் உறுப்பினர் என்று விதியைத் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். செயலாளர் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எலக்‌ஷன் முடியட்டுமே சார்.”