பேப்பர் போடப் பயந்தால் அடிமையா?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து எட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "ராஜினாமா பண்ணப் பயப்படறவன் பிறவி அடிமை"யாம். சொன்னவர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். குறை சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

பயம் வேறு, அடிமைத்தனம் வேறு. 5ஆம் தேதி வீட்டுக் கடன் இ.எம்.ஐ. பிடிக்கிற அக்கவுண்டை வைத்திருக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

2019இல் நான் பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா பண்ணினேன். மெயில் மூன்றே வரி. பதினேழு நாள் டிராஃப்ட்டில் கிடந்தது. தினமும் சோழிங்கநல்லூர் சிக்னலில் கேப் நிற்கும்போது அதைத் திறப்பேன். 'ரிகார்ட்ஸ்' என்பதை 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' ஆக்குவேன். மறுநாள் நன்றியை எடுத்துவிடுவேன். மேனேஜர் சும்மா டீக்குக் கூப்பிட்டாலே, தெரிந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். அப்பாவிடம் சொன்னதற்கு, "அடுத்த வேலைக்கு லெட்டர் கைக்கு வந்துடுச்சாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். சேர்ந்த ஆபீஸிலேயே ரிட்டயர் ஆன மனுஷன்.

லெட்டர் வந்திருந்தது. ஆனால் புதுக் கம்பெனிக்கு 30 நாளில் ஆள் வேண்டும், பழைய கம்பெனியிலோ நோட்டீஸ் பீரியட், அதாவது பேப்பர் போட்ட பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். மீதி நாளுக்குப் பணம் கட்டி பைஅவுட் பண்ணவா என்றால் பழைய கம்பெனியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று தரும் ரிலீவிங் லெட்டர் அவர்கள் கையில், அது இல்லாமல் அடுத்த இடத்தில் உள்ளே விட மாட்டார்கள். இதில் பயப்படாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

அப்புறம் கிராஜுவிட்டி, பல வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணம். அப்போதிருந்த 1972 சட்டப்படி ஐந்து வருஷம் வேண்டியிருந்தது. கடைசி நாளில் எனக்கு 4 வருஷம் 10 மாதம். "ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே" என்று வக்கீல் நண்பர்கள் வருவீர்கள். சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எச்.ஆர். மேஜை முன்னால் நின்று பாருங்கள். நான் நின்றேன். "பாலிஸி இல்ல மேம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

திடீரென்று ஆள் போனால் புராஜெக்ட் என்னாவது என்று கேட்கிறீர்களா? ஞாயம்தான். கம்பெனியே ஆளை அனுப்பும் லே-ஆஃப் என்றால் மட்டும் ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பைப் பிடுங்கத் தெரிகிறதே, அப்போது புராஜெக்ட் எங்கே போகிறது?

"உனக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்." இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. என் சம்பளம் எதற்குப் போகிறது என்று முகநூலில் கணக்குக் காட்ட வேண்டுமா?

மறுபடியும் சொல்கிறேன், பயம் வேறு, அடிமைத்தனம் வேறு. பயந்துகொண்டேதான் பதினெட்டாம் நாள் அனுப்பினேன். கை நடுங்கியது. அனுப்பிவிட்டு பாத்ரூமில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்காரர் யாரோ. அவர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அதன் கீழே என்னை டேக் பண்ணி, சிரிக்கிற பொம்மை போட்டு, "நம்ம ஆளு ஞாபகம் வருது" என்று எழுதினாயே, அதுதான் தாங்கவில்லை. அந்தப் பதினேழு நாளும் ராத்திரி பத்தரைக்கு நான் போன் பண்ணியது உனக்குத்தான். "நானும் போடப்போறேன்டி, சேர்ந்தே போவோம்" என்றாய். இன்னும் அதே கம்பெனி, அதே ஃப்ளோர்.

இதை எழுதியிருக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் இதுவும் டிராஃப்ட்டில்தான் கிடந்தது.