ஸ்லோகம் அதிர்ஷ்டத்தில் கரை சேர்ந்தவர் இல்லை

"ஜோஷுவா ஸ்லோகம் ஒரு மீனவர், ஓட்டைப் படகுக்குப் பெயின்ட் அடித்து, அதிர்ஷ்டத்தில் தனியாக உலகைச் சுற்றிவிட்டார்" என்று சிலர் சொல்வது தவறு. அவர் 'நார்தர்ன் லைட்' போன்ற பெரிய பாய்மரக் கப்பல்களின் கேப்டன். பிலிப்பைன்ஸிலும் பிரேசிலிலும் கப்பலும் படகும் கட்டியவர்.

அவர் உலகைச் சுற்றிய 'ஸ்ப்ரே' பழைய படகுதான். ஆனால் அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊரில் 13 மாதம் உழைத்து, ஏராவிலிருந்தே (படகின் அடிமரம்) ஓக் மரத்தில் புதிதாகக் கட்டினார். பொருள் செலவு 553.62 டாலர். வங்குகளை (படகின் விலா எலும்பு போன்ற வளைமரங்கள்) நீராவியில் வேகவைத்து வளைத்தார். அவற்றின் மேல் ஒன்றரை அங்குல ஜார்ஜியா பைன் பலகை. கலப்பற்றுதான், அதாவது பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைப்பதுதான், முக்கியமான இடம். இடுக்கில் முதலில் பருத்தி இழையை அடித்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் அது நகர்ந்து வெளியே வந்துவிடும் என்றார்கள். அதன்மேல் தார் தோய்ந்த சணல் நாரை இறுக்கினார். படகு கசியவே இல்லை.

சரியான கடிகாரம் இல்லை என்பது உண்மை. குரோனோமீட்டரை (தீர்க்கரேகை கணிக்க உதவும் துல்லியமான கப்பல் கடிகாரம்) பழுதுபார்க்க 15 டாலர் கேட்டதால், ஒரு டாலர் தகரக் கடிகாரத்தோடு கிளம்பினார். ஆனால் பசிபிக்கில் நிலவுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து தீர்க்கரேகை கணித்தார். முதல் விடை, படகு ஓடிய வேகத்தையும் திசையையும் வைத்து அவர் போட்டிருந்த கணக்கிலிருந்து பல நூறு மைல் விலகியது. காரணத்தைத் தேடி, கணக்குப் போட உதவும் அச்சிட்ட மடக்கை (logarithm) அட்டவணையிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்! திருத்தியபின் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் சுமார் 5 மைல். அச்சிட்ட அட்டவணையைச் சந்தேகிக்கும் அளவுக்குத் தன் கணக்கை நம்பியவரை அதிர்ஷ்டசாலி என்பது நியாயமில்லை.