பத்து மாதக் குழந்தைக்கு ஐக்யூ எழுதாதீர்கள்

நேற்று இங்கே ஒருவர் தன் குழந்தையின் மதிப்பெண் தாளைப் பகிர்ந்திருந்தார். அதைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பத்து மாதக் குழந்தை, வளர்ச்சிச் சோதனையில் 124. "பிறவி மேதை" என்று வாழ்த்து மழை. சரி, சந்தோஷப்படட்டும். ஆனால் அதற்குக் கீழேயே ஒரு தாய், தன் பையனுக்கு 79 வந்திருப்பதாகச் சொல்லி, "இவனுக்குப் படிப்பு வருமா?" என்று கேட்டிருந்தார். கிடைத்த பதில், "உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள்." எந்த உண்மையை?

அந்த வயதில் என்ன பார்க்கிறார்கள்? மணியடித்தால் திரும்புகிறதா, யாரும் பிடிக்காமல் தானே உட்காருகிறதா, கட்டையைக் கைமாற்றுகிறதா, துணிக்கடியில் மறைத்த பொம்மையைத் தேடுகிறதா. எட்டு வயதில் ஐக்யூ சோதனை கேட்பது சொல்லுக்குப் பொருள், இரண்டு பொருள்களுக்குள் என்ன ஒற்றுமை, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது. அளப்பதே வேறு. இரண்டிலும் சராசரி 100 என்று வைத்திருப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

"விஞ்ஞானத்தை மறுக்கிறாயா?" என்று வருவீர்கள். இதைச் சொன்னவரே நான்சி பெய்லி என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் பெயரில்தான் இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. 1928-இல் பெர்க்லியில் தொடங்கிய ஆய்வில், அதே குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 18 வயது வரை திரும்பத் திரும்பச் சோதித்தார். முதல் வருட மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய ஐக்யூவுக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. இரண்டு வயதுக்குமேல் மெல்ல ஒட்டத் தொடங்குகிறது. பள்ளி வயதில்தான் ஓரளவு நம்பலாம்.

"அப்போ சோதனையே வேண்டாமா?" வேண்டும். காது கேட்கவில்லை, கைகால் இறுக்கம் என்றால் சீக்கிரம் தெரிய வேண்டும். மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அங்கேகூட, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2005-இல் வந்த அமெரிக்க ஆய்வில், 20 மாதத்தில் 39 சதவீதம் பேர் வளர்ச்சிச் சோதனையில் 70-க்குக் கீழே, அதாவது மிகக் குறைவாக இருந்தார்கள். எட்டு வயதில் ஐக்யூ 70-க்குக் கீழே இருந்தவர்கள் 16 சதவீதம்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் மகளுக்குப் பதினோரு மாதத்தில் 81 வந்தது. அன்று அவளுக்குச் சளி, தூக்கக் கலக்கம். சிவப்புக் கட்டையைக் கோப்பைக்குள் போடச் சொன்னார்கள். அவள் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். சோதித்தவர் தாளில் எதையோ குறித்துவிட்டு, "மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு ஒன்றரை வருடம் வாழ்ந்தேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவள் முன்னால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நான் அவளோடு விளையாடவே இல்லை, சோதித்தேன். கட்டையைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்திருப்பாள். எனக்கு ஞாபகம் இல்லை.

"உங்கள் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள், அதனால் பேசுகிறீர்கள்" என்பார்கள். அவள் எப்படி இருந்தாலும் இதைத்தான் பேசுவேன். அவளுடைய இப்போதைய மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதும் இல்லை.

அந்த 79-இன் அம்மாவுக்கு: பையனின் காதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். சில மாதம் கழித்து, அவன் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தாளை வெளியே எடுக்காதீர்கள். இன்று ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் நான் விழித்திருப்பேன்.