லீவு ஒரு பக்கம், பனி ஒரு பக்கம்

பாண்டியில உட்கார்ந்து காஷ்மீர் குல்மார்க் பனிச்சறுக்குக்கு பிளான் போட்டா முதல் தகராறே தேதிதான். பிள்ளைங்களுக்கு அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில. சறுக்குற அளவுக்குப் பனி நல்லா சேர்றது பெரும்பாலும் ஜனவரி பாதிக்கு மேல. என்ன கணக்கோ!

அடுத்து சாக்ஸ். சண்டே மார்க்கெட்ல மலிவா கிடைக்குதேன்னு பருத்தி சாக்ஸ் ரெண்டு ஜோடி மாட்டாதீங்க. ஸ்கீ பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், வேர்வை ஊறும், விரல் விறைச்சுடும். முழங்கால் வரை வர்ற மெல்லிசு கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி போதும். பூட்ஸ் அளவு சென்டிமீட்டர்ல. பாதத்தை வீட்டுலயே அளந்துடுங்க. ஜீன்ஸ்? ஒரு தடவை விழுந்தா தொப்பல்தான்.

நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம்மும் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்டு வேணும். மலை மேல ஏத்திட்டுப் போற கேபிள் கார், அதான் கோண்டோலா, அதோட டிக்கெட்டை ஆன்லைன்ல அடிச்சுப் பிடிச்சு வாங்கினாலும், காத்து பலமா வீசினா அபர்வத் மலைக்குப் போற ரெண்டாம் கட்டத்தை நிறுத்திடுவாங்க.