வாத்துத் தோல் மேல் சாஸ் ஊற்றாதீர்கள்

கல்யாண நாளுக்காகப் போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் இங்கே சிங்கப்பூரில் பல நாட்டுச் சமையலைக் கலந்து செய்யும் ஒரு பெரிய ஏசியன் ஃப்யூஷன் உணவகத்துக்குப் போனோம். ரோஸ்ட் டக்குக்குப் பேர்போன இடம். முதல் நாளே சொல்லிவைத்தால்தான் முழு வாத்து கிடைக்கும். சொல்லிவைத்தோம். சமையலறையிலேயே வெட்டி, யூசு என்கிற ஜப்பானிய எலுமிச்சை சாஸில் முக்கி, மேலே பூவிதழ் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். தோலைக் கடித்தேன். ரசத்தில் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது. நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

காசுக்காக மட்டும் சொல்லவில்லை. 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆனது, அதன்மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், 9 சதவீத ஜிஎஸ்டி. அது போகட்டும். அந்தத் தோலுக்காக ஒருவர் பட்ட பாடு என்ன ஆனது?

சீனர்களின் பேர்போன ரோஸ்ட் டக்கான பெய்ஜிங் வாத்து எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றித் தோலை இறுக்குவார்கள். மால்ட் பாகு பூசி, மணிக்கணக்கில், சில இடங்களில் ஒரு நாளுக்கும் மேல், தொங்கவிட்டு உலர்த்துவார்கள். ஈரம் போனால்தான் சூட்டில் கொழுப்பு உருகி வடிந்து, தோல் மெல்லிய கண்ணாடிபோல் வரும். பெய்ஜிங்கில் 1864இல் தொடங்கிய சுவான்ஜூதே உணவகத்தில் பழமரக் கட்டையை எரித்து, அந்தத் தணலருகே தொங்கவிட்டுச் சுடுகிறார்கள். அதைவிடப் பழைய பியான்யீஃபாங் உணவகத்தில் மூடிய அடுப்பு, நெருப்பு வாத்தைத் தொடவே தொடாது. இரண்டு இடத்திலும் பாடுபடுவது அந்த மொறுமொறுப்புக்குத்தான். ஒரு கரண்டி சாஸ் அதை அரை நிமிஷத்தில் அழித்துவிடுகிறது.

ஃப்யூஷனே கூடாது என்பவன் இல்லை நான். இந்த ஊர் மீன்தலைக் கறியே ஃப்யூஷன்தானே? சீனர்கள் ஆசையாகச் சாப்பிடும் மீன்தலையை நம் பக்கத்துப் புளிக்குழம்பில் போட்டார்கள். புளிப்பும் காரமும் அந்தக் கொழுத்த சதைக்குள் இறங்கி அதை இன்னும் ருசியாக்குகின்றன. சேர்ப்பது என்றால் அப்படிச் சேர்க்க வேண்டும்.

வாத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. உணவங்காடிகளில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறதே கண்டோனீஸ் ரோஸ்ட் டக், அதற்கு மசாலா எல்லாம் வயிற்றுக்குள்தான். உள்ளே தடவி மூடிவிடுவார்கள். அதில் சேரும் சீனர்களின் ஐந்து மசாலாத் தூளில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு என்று நான்கு நம் பிரியாணி டப்பாவில் இருப்பவை. சிச்சுவான் மிளகு ஒன்றுதான் நமக்குப் புதுசு. புதுமை செய்ய ஆசைப்படும் செஃப்கள் அங்கே செய்யட்டும். கறிவேப்பிலை வைக்கட்டும், எலுமிச்சைப்புல் வைக்கட்டும். தோலுக்கு ஒன்றும் ஆகாது.

அன்று எலும்பைக் கேட்டேன், வழக்கமாக அதில் சூப் வைத்துத் தருவார்கள் என்பதால். இங்கே தருவதில்லை என்றார் பரிமாறிய தம்பி. அவர் மேல் தப்பில்லை, முகம் வாடித்தான் சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் புக் பண்ணும்போதே பேசிவிடுங்கள். மேசைக்குப் பக்கத்தில் வைத்து வெட்டச் சொல்லுங்கள், சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், எலும்பில் சூப் உண்டா என்று விசாரியுங்கள். முதல் துண்டுத் தோலை வெறும் சர்க்கரையில் தொட்டு வாயில் போடுங்கள். கடிக்கிற சத்தம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்க வேண்டும்.