பெயர் எழுத ஒரு பேனா கிடைக்கவில்லையா ஐயா?

டாரண்டுலா சிலந்திக் குஞ்சை அடைத்து அனுப்பும் குப்பிமேல் அதன் இனத்தின் பெயரை எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? மார்க்கர் மூடியைத் திறந்து, நாலெழுத்து கிறுக்கி, மூட வேண்டும், அவ்வளவுதான். முழு அறிவியல் பெயர்கூட வேண்டாம், ஹமோரி என்பதற்கு "ஹமோ" என்று போட்டிருந்தாலே பிழைத்துக்கொண்டிருப்பேன். அதற்கு நேரமில்லாத, குஞ்சு விற்ற மகராசனுக்கு, பெட்டியைச் சுற்றி ஒரு முழு டேப் சுருளைக் காலி செய்ய மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

இன்றைக்குத்தான் வந்தது பார்சல். வெளியே டேப். பிரித்தால் தெர்மாகோல் பெட்டி, அதற்கும் டேப். உள்ளே காகித உருண்டைகள், நடுவில் ஒரு டப்பா, டப்பாவுக்கு டேப். டப்பாவுக்குள் குப்பிகள். மூடி இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் டேப். காலை நீட்டிப் படுத்தாலே ஒரு சென்டிமீட்டர் தேறாத டாரண்டுலா குஞ்சு உள்ளேயிருந்து மூடியைத் திருகித் திறந்துவிடும் என்று பயந்தார் போல. கத்தி வைத்தால் குப்பி அதிரும், அதிர்ந்தால் குஞ்சு மிரளும். நகத்தால் சுரண்டினால் டேப் நார் நாராகக் கிழியும், முனை மட்டும் கடைசிவரை அகப்படாது.

சரி, மூடி திறந்தது. அப்புறம் டிஷ்யூ. ஈரமாகச் சுருட்டித் திணித்திருக்கிறார், அதில் குற்றமில்லை, அப்படித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் இவ்வளவா? குஞ்சு எந்த மடிப்பில் இருக்கிறதென்று தெரியாது. இடுக்கியால் ஒரு மடிப்பை விலக்கு. மூச்சைப் பிடி, ஏனென்றால் மூச்சுக்காற்று பட்டாலே ஓடும். எட்டிப் பார். ஒன்றுமில்லை. அடுத்த மடிப்பு. கால் மாதிரி ஏதோ தெரிகிறது. இல்லை, டிஷ்யூவின் பிசிறு. இன்னொரு மடிப்பு. அழுத்தினால் நசுங்கிவிடும், தளர்த்தினால் கைவழியாக ஏறி முழங்கையில் நிற்கும். சின்ன பிரஷ்ஷால் பின்பக்கம் மெல்லத் தொட்டால் முன்னால் நகரவேண்டும் என்பது விதி. இன்றைக்கு வந்தவற்றில் ஒன்றுக்கு அந்த விதி தெரியவில்லை. பிரஷ்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் அப்புறம், நான்கு குப்பியிலும் ஒரு எழுத்து கிடையாது.

நான் கேட்டது மூன்று இனம்: ஹமோரி, அல்போபிலோசஸ், ரெகாலிஸ். நான்காவது இலவசமாம். "இலவசம் ஏதும் வைக்க வேண்டாம்" என்று குறிப்பெழுதித்தான் அனுப்பினேன். அதைப் படித்திருந்தால் எழுதவும் தெரிந்திருக்குமே!

முதுகைப் பார்த்து நானே பிரித்துக்கொள்ளலாம் என்று லென்ஸை எடுத்தேன். இரண்டுக்கு இளஞ்சிவப்பு உடம்பு, பின்வயிற்றின் மேல் கருப்புத் திட்டு. ஆக, ஒன்று ஹமோரி, ஒன்று அல்போபிலோசஸ். எது எது? குஞ்சில் இரண்டும் ஒரே அச்சு. ஹமோரிக்கு முழங்காலில் செம்மஞ்சள் ஏறவும், மற்றதற்குச் சுருட்டை முடி முளைக்கவும் எத்தனையோ முறை சட்டை உரித்தாக வேண்டும். மிச்ச இரண்டும் வரிபோட்ட மரவாசிகள். ஒன்று ரெகாலிஸ், இன்னொன்று அதன் பேரினமான பொசிலோதீரியாவிலேயே வேறெதோ. பொசிலோதீரியா குஞ்சுகளைப் பார்வையால் பிரித்து இனம் சொல்கிறவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார்.

"லேபிள் இல்லையே" என்று செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "வளந்தா தெரிஞ்சிடும் ப்ரோ." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

வளர்ந்தால் தெரியும்! ஹமோரியின் பேரினமான பிராக்கிபெல்மா வளர்கிற வேகம் தெரியுமா இவருக்கு? பெண்ணாக இருந்தால் இருபது வருடம் தாண்டி வாழும் ஜீவன், அதற்கென்ன அவசரம். நானும் ஆற அமரக் காத்திருக்கிறேன். ஆணாக இருந்தாலோ, முழு வளர்ச்சி வந்தபின் ஓராண்டு தாண்டினாலே பெரிய விஷயம். ரெகாலிஸ் ஓரளவு சீக்கிரம் வளரும், சரி. ஆனால் பழைய உலகத்து இனம், அதாவது அமெரிக்கக் கண்டங்களைச் சேராதது; எதிரிமேல் உதறிவிட அரிப்பு முடி கிடையாது, அதற்குப் பதில் வேகமும் விஷமும். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். எந்தக் குப்பியைத் திறக்கும்போது கை நடுங்க வேண்டும் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

இன்னொன்று இருக்கிறது. பொசிலோதீரியா மொத்தமும் 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் ஏறிவிட்டது. பிராக்கிபெல்மா தொண்ணூறுகளிலிருந்தே அங்கே இருக்கிறது. காகிதம் வேண்டுமென்று நாளைக்கு எவராவது கேட்டால் எதைக் காட்டுவது, கட்டைவிரலையா? பெயர் தெரியாத இரண்டை எதிர்காலத்தில் இணைசேர்த்து எவனாவது கலப்பினக் குஞ்சுகளை நூற்றுக்கணக்கில் ஊரெல்லாம் விட்டால், அதற்கும் "வளந்தா தெரிஞ்சிடும்"தான். பெயரோடு வந்தாலே தலைவலி குறைவில்லை: பொழுதுபோக்காளர்கள் காலங்காலமாக ஸ்மிதி என்ற இன்னொரு இனத்தின் பெயரால் கூப்பிட்டு வளர்த்ததில் பெரும்பாலானவை ஹமோரி என்று 2017இல் ஆய்வாளர்கள் பிரித்துச் சொன்னார்கள். உலகத்து லேபிளெல்லாம் அடித்துத் திருத்தினோம். அடித்துத் திருத்தவும் முதலில் ஒரு லேபிள் வேண்டுமே!

இப்போது அலமாரியில் "திட்டு அ", "திட்டு ஆ", "வரி அ", "வரி ஆ" என்று நானே ஒட்டி வைத்திருக்கிறேன். வரி ஆ இரண்டாம் மணிநேரமே மூடியில் தலைகீழாகப் படுத்துவிட்டது. எழுதி ஒட்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டசபைத் தொகுதி பிரித்த மாதிரி இருக்கிறது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே தீனி டப்பாவிலிருந்து ஒரு சுவர்க்கோழி தாவி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. ஆண்தான், சந்தேகமே வேண்டாம், பெண் கத்தாது. இது விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும், எழுந்து விளக்கைப் போட்டால் நிறுத்தும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். வீட்டில் இத்தனை வேட்டைக்காரர்கள் எட்டுக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்காவது அதை எழுந்துபோய்ப் பிடிக்க வக்கிருக்கிறதா?